சூரியன் மேல் பழி போடுவதற்கு முன்: சென்னையில் ஜிபிஎஸ், ரேடியோ, டிஷ் தடுமாறினால் எங்கே பார்ப்பது?

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது என் தொழில். 2023 அக்டோபரில் ஒரு பெரியவர் ஒரே ஜிபிஎஸ் பெட்டியை மூன்று முறை கடைக்குத் தூக்கி வந்தார். "தம்பி, பகல்ல கோடு நேரா போவுது. ராத்திரி எட்டு மணி ஆனா, நங்கூரம் போட்டு நிக்கிற படகு ஓடுற மாதிரி காட்டுது" என்றார். முதல் முறை ஆன்டெனாவை மாற்றினேன். இரண்டாம் முறை கேபிளை மாற்றினேன். மூன்றாம் முறை எதை மாற்றுவதென்றே தெரியவில்லை. மூன்று முறையும் நான் பெட்டியைச் சோதித்தது பகல் 11 மணிக்கு, என் மேஜையில்.

அன்று இரவு அவர் படகிலேயே போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் வலுவையும் பட்டையாகக் காட்டும் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். 7.50-க்கு மேற்குப் பக்கத்துச் செயற்கைக்கோள்களின் சிக்னல் பட்டைகள் ஏறி இறங்க ஆரம்பித்தன. பக்கத்துப் படகில் வேறு கம்பெனிப் பெட்டி; அதிலும் அதே குதிப்பு. பத்தரை மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது. பெட்டியில் கோளாறே இல்லை. வாங்கிய பணத்தை மறுநாள் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணிக்கு நடக்கிறது? எந்த மாதம்? பக்கத்தில் இருப்பவருக்கும் அதே நேரத்தில் நடக்கிறதா? வானம் காரணமென்றால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கட்டாயம் "ஆமாம்" என்றுதான் வரும். சூரியன் உங்கள் ஒரு பெட்டியை மட்டும் குறிவைத்துக் கெடுக்காது. முதல் இரண்டு கேள்விகள் சென்னைக்கே உரியவை. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, திருநெல்வேலி, தும்பா பக்கமாகப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், நம் தலைக்கு மேல் இருக்கும் அயனி மண்டலம் ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பதுபோல் நடந்துகொள்ளாது. அங்கே சூரியப் புயல் வந்தால்தான் தொந்தரவு. இங்கே புயலே இல்லாத சாதாரண நாளிலும் சாயங்காலம் ஒரு தொந்தரவு வரும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான்.

"பகலில் சரியா இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு ஜிபிஎஸ் தடுமாறுது"

எனக்கு அதிகம் வரும் புகார் இது. ஏன் நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் சோதிப்பது சுலபம்.

பகல் முழுவதும் சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் காற்றிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அந்த எலக்ட்ரான் நிறைந்த அடுக்குதான் அயனி மண்டலம். பொழுது சாய்ந்ததும் அதன் அடிப்பகுதி சீக்கிரம் கரைந்துபோகும். மேல்பகுதி மட்டும் அடர்த்தியாக நிற்கும். காந்த நடுக்கோட்டுப் பக்கம், சூரியன் மறையும் அந்த வேளையில், மின்புலம் சற்று நேரம் வலுத்து அந்த மேல்பகுதியை இன்னும் உயரே தூக்கும். கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெயின் மேல் தண்ணீரை நிறுத்திவைத்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? கீழிருக்கும் லேசான பகுதி குமிழி குமிழியாக மேலே கிளம்பும். இவற்றைப் பிளாஸ்மா குமிழி என்கிறார்கள். அவற்றின் ஓரங்கள் கரடுமுரடானவை. அதன் வழியாக வரும் செயற்கைக்கோள் சிக்னல், காற்றில் நட்சத்திரம் சிமிட்டுவதைப் போலச் சிமிட்டும். ஆங்கிலத்தில் சிண்டிலேஷன், நான் சிமிட்டல் என்றே சொல்கிறேன்.

வீரியமாக வருவது மார்ச்–ஏப்ரலிலும் செப்டம்பர்–அக்டோபரிலும். இரவும் பகலும் சமமாகும் அந்த நாட்களில், நம் தீர்க்கரேகையில் சூரியன் மறையும் கோடு பூமியின் காந்தக் கோடுகளோடு ஏறக்குறைய ஒரே வாட்டத்தில் விழுகிறது. காந்தக் கோட்டின் இரு முனையும் ஒரே நேரத்தில் இருட்டினால் குமிழி சுலபமாகக் கிளம்பும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், முதல் பருவத்தின் ஒரு பகுதியில் படகுகள் கரையிலேயே கிடக்கும். எனவே எனக்குப் ஃபோன் வருவது பெரும்பாலும் இரண்டாவது பருவத்தில்தான்.

சோதிக்கும் முறை: படகைக் கட்டிவைத்துவிட்டு, பெட்டியில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து இரவு 7.30-இலிருந்து 10.30 வரை பாருங்கள்.

எல்லாப் பட்டைகளும் பகலிலும் இரவிலும் ஒரே மாதிரி குட்டையாக இருந்தால், கோளாறு ஆன்டெனாவில் அல்லது கேபிளில். உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்திருக்கும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். காசிமேட்டில் பத்துக்கு ஆறு தடவை அங்கேதான் முடியும். எல்லாப் பட்டைகளும் ஒரே நொடியில் சேர்ந்து விழுந்து சேர்ந்து எழுந்தால், பவர் சப்ளை அல்லது லூஸ் கனெக்ஷன். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது விழுந்தால் பேட்டரி.

சில பட்டைகள் மட்டும் வேகமாக ஏறி இறங்கி, மற்றவை அசையாமல் நின்றால்தான் வானத்தைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது திசையைக் கவனியுங்கள். குமிழிகள் இரவில் மேற்கிலிருந்து கிழக்காக, நொடிக்கு 100 மீட்டர்போல நகரும். அதனால் முதலில் மேற்கே உள்ள செயற்கைக்கோள் குதிக்கும், பிறகு உச்சியில் உள்ளது, பிறகு கிழக்கே உள்ளது. வடக்கே தாழ்வாக நிற்கும் செயற்கைக்கோள்களில் குதிப்பு அதிகமாகத் தெரியும். காந்த நடுக்கோட்டிலிருந்து தூக்கப்படும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியாக வழிந்து, போபால், அகமதாபாத், கொல்கத்தா பக்கம் போய்க் குவிகின்றன. வடக்கே தாழ்வாக நோக்கும் பாதை அந்த அடர்த்தியை நோக்கிச் செல்கிறது. மேற்கு, உச்சி, கிழக்கு என்று குதிப்பு நகர்வதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. எந்தக் கேபிள் பழுதும் அப்படித் திசை பார்த்து நகராது.

சரிசெய்ய என்ன வழி? அந்த நேரத்தில் பெட்டியை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி, முன்பே வாங்கிய பாதைத் தகவலை வைத்துக்கொண்டு ஒப்பேற்றும். நினைவை அழித்துப் புதிதாகத் தொடங்கினால், ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் அந்தத் தகவலை 30 நொடிபோல அறுபடாமல் வாங்க வேண்டும். சிமிட்டலுக்கு நடுவே அது முடியாது, இருந்ததும் போய்விடும்.

புதிதாக வாங்குபவர்கள், ஜிபிஎஸ் மட்டும் பிடிக்கும் பழைய பெட்டியை விட்டுவிட்டு, குளோனாஸ், கலிலியோ, பெய்டூ, நம்முடைய நாவிக் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பெட்டியை வாங்குங்கள். முப்பது செயற்கைக்கோள் தெரியும்போது நான்கு குதித்தால் பாதிப்பில்லை. எட்டில் நான்கு குதித்தால்தான் திரையில் படகு ஓடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் இரவு எட்டிலிருந்து நள்ளிரவுக்குள் துறைமுக வாயிலுக்குள் நுழையும்போது திரையை மட்டும் நம்பி வராதீர்கள். அலைதடுப்புச் சுவர் முனையின் விளக்கையும் மெரினா கலங்கரை விளக்கத்தையும் கண்ணால் பார்த்து வாருங்கள். கல்லுக்கும் கால்வாய்க்கும் நடுவே சில மீட்டர் பிசகினாலும் ஆள் உயிர் போகும்.

"சர்வே பண்ணும்போது ஃபிக்ஸ்டு போய் ஃப்ளோட் ஆகுது"

ஜிபிஎஸ் வைத்து நிலம் அளக்கும் ஆர்டிகே கருவி வைத்திருப்பவர்களுக்கு இது. ஃபிக்ஸ்டு என்றால் இடம் சென்டிமீட்டர் அளவில் உறுதியாகிவிட்டது, ஃப்ளோட் என்றால் இன்னும் உறுதியாகவில்லை. சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமென்பதால் அவர்களுக்கு இரவு சிமிட்டல் மட்டுமின்றிப் பகல் நடுவேளையும் பிரச்சினை.

எலக்ட்ரான் நிறைந்த அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்தும். தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், இரண்டு அதிர்வெண்ணில் கேட்கும் கருவி அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். ஒரே அதிர்வெண் கருவி, செயற்கைக்கோள் அனுப்பும் பொதுவான சூத்திரத்தை நம்புகிறது. அது பிழையில் பாதியைப்போலத்தான் நீக்கும். நம் ஊரில், பதினோரு ஆண்டுச் சூரியச் சுழற்சியின் உச்சத்தில், பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணிவரை அந்தத் தாமதம் 10 மீட்டரைத் தாண்டும். ஆர்டிகே வேலை செய்வதே, ஒரே இடத்தில் நிற்கும் பேஸ் கருவியும் அளக்க எடுத்துப்போகும் ரோவர் கருவியும் ஒரே வானத்தைப் பார்க்கின்றன என்ற நம்பிக்கையில்தான். தாம்பரத்தில் பேஸை வைத்துவிட்டுச் செங்கல்பட்டில் அளந்தால் இருவருக்கும் மேல் உள்ள வானம் ஒன்றல்ல.

பேஸ் தூரத்தை 10 கிலோமீட்டருக்குள் வையுங்கள். முக்கியமான புள்ளிகளைக் காலை 10.30-க்குள் முடியுங்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது. மாலை ஆறரைக்கு மேல், மார்ச்சிலும் அக்டோபரிலும், எல்லைக்கல் நடும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபிக்ஸ்டு என்று காட்டினாலும் அதே புள்ளியை மறுநாள் காலை இன்னொருமுறை எடுத்துச் சரிபாருங்கள்.

"நல்லா பேசிக்கிட்டிருந்தோம், திடீர்னு பேண்ட் செத்துப்போச்சு"

ஹாம், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் நண்பர்களின் புகார். பேண்ட் என்பது அவர்கள் பேசும் அலைவரிசை. எனக்கும் லைசென்ஸ் உண்டு. பெரம்பூரில் மொட்டை மாடியில் ஒரு டைபோல் ஆன்டெனா கட்டியிருக்கிறேன்.

முதல் கேள்வி: பகலா, இரவா? சூரியனில் தீச்சுடர் வெடித்தால் எக்ஸ் கதிர் எட்டு நிமிடம் சொச்சத்தில் வந்து சேரும். சூரியனைப் பார்த்தபடி இருக்கும் பாதி பூமியில் அயனி மண்டலத்தின் அடி அடுக்கு திடீரென்று தடித்து, சிற்றலையை விழுங்கிவிடும். ஆகவே சென்னையில் இரவு 9 மணிக்கு பேண்ட் செத்தால் அது தீச்சுடர் வேலையாக இருக்க முடியாது. நீங்கள் பேசிக்கொண்டிருந்த நண்பர் பகல் வெளிச்சத்தில் இருக்கும் நாட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பலமுறை காப்பாற்றியது: இரைச்சல் கூடியதா, குறைந்ததா? தீச்சுடர் வந்தால் தூரத்து மின்னலின் கரகரப்பையும் சேர்த்தே அந்த அடுக்கு விழுங்கும். ஸ்பீக்கர் அமைதியாகிவிடும். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கோ, மாடியில் புதிதாகப் போட்ட சோலார் இன்வெர்ட்டரோ காரணமென்றால் சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டர் ஏறி நிற்கும். "சத்தம் அதிகமாகிக் கேட்கவில்லை" என்பவர் சூரியனை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்கட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, சத்தம் நிற்கிறதா என்று பார்த்தால் உங்கள் வீடா, அடுத்த வீடா என்பது தெரிந்துவிடும்.

அமைதியாகிவிட்டது, ஆனால் ஆன்டெனா கழன்றிருக்கலாமே என்று சந்தேகமா? மேல் பேண்டுக்குப் போங்கள். தீச்சுடர் 7 மெகாஹெர்ட்ஸை முதலில் அடிக்கும், கடைசியில் விடும். 28 மெகாஹெர்ட்ஸ் கடைசியில் அடிபட்டு முதலில் எழும். 28-இல் ஏதாவது கேட்டு 7-இல் ஒன்றும் இல்லையென்றால் ஆன்டெனாவைத் தொட வேண்டாம். டீ குடித்துவிட்டு வாருங்கள். எம் வகைச் சுடரென்றால் இருபது, முப்பது நிமிடம். பெரிய எக்ஸ் வகையென்றால் ஒரு மணி, இரண்டு மணி நேரமாகும். வகைக்கு வகை பத்து மடங்கு வலு: சி, எம், எக்ஸ். ஆர்1 முதல் ஆர்5 வரை போகும் ரேடியோத் தடை எச்சரிக்கை அட்டவணையில் எக்ஸ்1 என்றால் ஆர்3, எக்ஸ்10 என்றால் ஆர்4.

பேண்ட் ஒரேயடியாகச் சாகாமல் இரண்டு நாளாக மேல் பேண்டுகள் மட்டும் மந்தமாக இருந்தால் அது புவிகாந்தப் புயலின் பின்விளைவு. பொறுப்பதைத் தவிர வழியில்லை. கீழ் பேண்டுக்கு இறங்குங்கள்.

2017 செப்டம்பர் 6 அன்று எக்ஸ்9.3 சுடர் வெடித்தது. கரீபியன் தீவுகளை இர்மா சூறாவளி தாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மீட்புக்குச் சிற்றலையை நம்பியிருந்த வலைப்பின்னல்கள் அப்போது தடைபட்டன. நம் ஊரில் நவம்பர், டிசம்பரில் புயல் வந்து செல்போன் கோபுரங்கள் சாய்ந்தால் ஹாம் நண்பர்கள்தான் செய்தி கடத்துகிறார்கள். அவர்களின் திட்டத்தில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் விஎச்எஃப் ரிப்பீட்டர் வழி ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். அது நேர்கோட்டில் போவது. தீச்சுடர் அதைத் தொடாது. மீனவர்கள் அவசரத்துக்கு அழைக்கும் 16-ஆம் விஎச்எஃப் சானலும் அப்படியே. 16-இல் சத்தமில்லை என்று யாராவது வந்தால் நான் வானத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன், நேராக ஆன்டெனா கம்பத்தின் மேல் ஏறிவிடுவேன்.

"வெயில் அடிக்குது, ஆனா டிவி சதுரம் சதுரமா உடையுது"

மழையில் டிஷ் சிக்னல் போவது எல்லோருக்கும் தெரியும். வெயிலில், நடுப்பகலில், சில நிமிடம் மட்டும் போய்த் தானாகத் திரும்பினால் காலண்டரைப் பாருங்கள். மார்ச் நடுவாக்கிலோ, செப்டம்பர் கடைசி–அக்டோபர் முதல் வாரத்திலோ இருப்பீர்கள். டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது. சூரியனே ஒரு பெரிய ரேடியோ இரைச்சல் மூலம் என்பதால் டிஷ் குருடாகிறது. இதில் புயலும் இல்லை, வெடிப்பும் இல்லை, சுத்தமான வடிவியல். ஒரு வாரம்போல தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வரும். உச்ச நாட்களில் பத்து நிமிடம் வரை இருக்கும். 83 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளென்றால் சென்னையில் பன்னிரண்டு மணியை ஒட்டி. இன்னும் கிழக்கே நிற்பதென்றால் இன்னும் முன்னதாக. டிஷ்ஷில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பாருங்கள்: முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, அதாவது சிக்னல் வந்து குவியும் தலைப்பகுதியின் மேலேயே அது விழுந்திருக்கும். டிஷ்ஷைத் திருப்புவதற்கு ஆள் கூப்பிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

"பெரிய சூரியப் புயல்னு சொன்னாங்க, ஒண்ணுமே நடக்கல"

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். முன்னறிவிப்பைத் தப்பாகப் படிப்பதால்தான் மக்கள் அதை நம்பாமல் போகிறார்கள்.

முதலில் நேரம். அறிவிப்புகள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். அதோடு ஐந்தரை மணி கூட்டுங்கள். 00–03 என்று அட்டவணையில் இருந்தால் அது நமக்குக் காலை 5.30 முதல் 8.30. "இன்று இரவு" என்று தொலைக்காட்சி சொல்வது அமெரிக்க இரவாகவும் இருக்கலாம்.

அடுத்து, அறிவிப்பு எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள். சூரியனிலிருந்து பொருள் மேகம் கிளம்பியதைக் கேமராவில் பார்த்துச் சொல்வது முதல் கட்டம். மேகம் வேகமாக வந்தால் 15 முதல் 18 மணி நேரம், சாதாரணமாக இரண்டு மூன்று நாள். எப்போது சேரும் என்ற கணிப்பு பத்து மணி நேரம் முன்பின் ஆவது சகஜம். மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா, தெற்கு நோக்கியதா என்பது அப்போது தெரியாது. தெற்கென்றால் பூமியின் காந்தப்புலத்தோடு பின்னிக்கொண்டு கதவு திறக்கும். வடக்கென்றால் எவ்வளவு பெரிய மேகமும் பெரும்பாலும் தட்டிவிட்டுப் போகும். இது தெரிவது, மேகம் பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் இருக்கும் எல்1 புள்ளியைத் தொடும்போதுதான். ஏஸ், டிஸ்கவர் என்ற அமெரிக்க விண்கலங்கள் அங்கேதான் நிற்கின்றன. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று அங்கே சேர்ந்தது. சூரியக் காற்றின் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்கும் கருவிகள் அதில் இருக்கின்றன. நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் எல்1-இலிருந்து நம்மிடம் வர 50 நிமிடம். உறுதியான எச்சரிக்கை என்பது அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவதுதான். மூன்று நாள் முன்பு வருவது, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்பதைப் போன்ற செய்தி. கரையை எங்கே கடக்கும் என்று அப்போதே கேட்க முடியாது.

மூன்றாவது, எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள்? செய்திகளில் வருவது, பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் கேபி எண்ணும், அதை வைத்துப் புயலின் வலுவைச் சொல்லும் ஜி அளவும். கேபி 5 என்றால் ஜி1, 9 என்றால் ஜி5. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஜி1 சுமார் 1,700 முறை வரும், ஜி5 நான்கு முறைபோல. ஆனால் கேபி பெரும்பாலும் வடக்கே உயர் அட்சரேகை நாடுகளின் காந்த நிலையங்களை வைத்துப் போடுவது. நமக்கு நெருக்கமானது டிஎஸ்டி எண். பூமியின் இடுப்பைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தை அது காட்டும். 2024 மே 10–11 புயலில் அது மைனஸ் 400 நானோடெஸ்லாவைத் தாண்டி இறங்கியது. 2003 அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் ஜி5 அது.

நான்காவதுதான் சென்னைக்காரர் மனதில் வைக்க வேண்டியது. புயல் எத்தனை மணிக்கு வந்து மோதுகிறது என்பது, எவ்வளவு பெரியது என்பதைவிட நமக்கு முக்கியம். நம் பொழுது சாயும் நேரத்தில் மோதினால் திடீர் மின்புலம் ஊடுருவி அயனி மண்டலத்தை மேலும் தூக்கும். குமிழிகள் பருவமில்லாத மாதத்தில்கூடக் கிளம்பும். மோதிப் பல மணி நேரம் கழித்து நம் சாயங்காலம் வந்தால், துருவப் பகுதி சூடானதால் மாறிய காற்றோட்டம் எதிர்த்திசை மின்புலத்தை உண்டாக்கி, வழக்கமாக வரும் குமிழியையும் அமுக்கிவிடும். 2024 மே புயலின் முதல் மோதல் நம் நேரப்படி இரவு 10.35 வாக்கில் நடந்தது. பொழுது சாய்ந்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. மே மாதம் வேறு. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு மறுநாள் ஜிபிஎஸ் போய்விடுமா என்று என்னைக் கேட்டவர்களிடம், அக்டோபரில் ஒன்றுமில்லாத நாளில் பெரியவர் படகு ஓடியதைத்தான் சொன்னேன்.

எனவே சென்னையில் ஜி3 எச்சரிக்கை வந்தும் ஒன்றும் ஆகாத நாள் உண்டு. எச்சரிக்கையே இல்லாமல் எட்டு மணிக்குச் சிக்னல் குதிக்கும் நாளும் உண்டு. இரண்டிலும் முன்னறிவிப்பாளர் தவறு செய்யவில்லை. அவர் சொன்னது பூமிக்கு, நாம் கேட்டது காசிமேட்டுக்கு.

"ட்ரோன் மாடியிலேயே வட்டம் போடுது, காந்தப் புயலா?"

இல்லை. சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 41,000 நானோடெஸ்லா. பெரும் புயலில் அது சில நூறு மாறும்; அதுவும் பெரும்பாலும் வடக்கு–தெற்கு வாட்டத்தில் வலு குறைவதுதான், திசை திரும்புவதல்ல. கிழக்கு–மேற்காக 100 மாறினாலும் காம்பஸ் முள் ஏழில் ஒரு பங்கு டிகிரி திரும்பும். காங்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பி அதைவிடப் பல மடங்கு திருப்பும். மைதானத்துக்கு எடுத்துப்போய் காம்பஸை மறுபடி கேலிபரேட் செய்யுங்கள். பையில் காந்தப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"கரண்ட் போச்சு, நெட் போச்சு"

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் சூரியப் புயலால் அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். உண்மைதான். ஆனால் அது துருவத்துக்கு அருகில் உள்ள இடம். மின்சாரத்தை உள்ளே விடாத பாறைத் தரை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயர் அழுத்தக் கம்பிகள். நீளமான கம்பியில்தான் அந்த மின்னோட்டம் சேரும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜோ, தெரு டிரான்ஸ்பார்மரோ அதற்குச் சிக்காது. உங்கள் தெருவில் மட்டும் கரண்ட் போயிருந்தால் லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

கடலடிக் கேபிளில் ஒளி போகும் இழையைப் புயல் தொடாது. வழியில் ஒளியைப் பெருக்கும் பெட்டிகளுக்கு இரு கரையிலிருந்தும் போகும் மின்சாரத்தைத்தான் தொடும். 1989-இல் அட்லாண்டிக் கேபிள் ஒன்றில் 700 வோல்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம் தெரிந்தது. சிங்கப்பூருக்கும் அந்தமானுக்கும் சென்னையிலிருந்து போகும் கேபிள்கள் பூமியின் இடுப்புப் பகுதியிலேயே கிடப்பதால் ஆபத்து குறைவு. வைஃபை போனால் ரவுட்டரைப் பாருங்கள்.

"ராத்திரி 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர், செல்போனை அணைங்க"

வருடா வருடம் குடும்ப வாட்ஸ்அப்பில் வரும் செய்தி இது, பொய். உங்கள் அத்தையோ சித்தப்பாவோ அக்கறையோடுதான் அனுப்புகிறார்கள், கோபப்படாமல் விளக்குங்கள். காஸ்மிக் கதிர் எப்போதும், எல்லா நேரமும் வந்துகொண்டே இருக்கிறது. மேலே உள்ள காற்றும் காந்தப்புலமும் தடுக்கின்றன. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் அந்தக் காந்தக் கேடயம் நமக்கு உலகிலேயே வலுவான இடங்களில் ஒன்றாக இருக்கிறது. நாளும் தேதியும் இல்லாமல் "இன்று இரவு" என்று மட்டும் சொல்லும் எந்த எச்சரிக்கையையும் பகிராதீர்கள். உண்மையான அறிவிப்பில் தேதி, யுடிசி நேரம், அளவு மூன்றும் இருக்கும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வானம் சிவப்பாகத் தெரிந்தது, துருவ ஒளியா என்று கேட்பவர்களுக்கு: நகர வெளிச்சம் ஈரக் காற்றில் பட்டுத் தெறிப்பது. 1859 செப்டம்பரில் வந்த பெரும் சூரியப் புயலைப் பம்பாய் கொலாபா நிலையத்தில் காந்த அளவி மட்டும்தான் கண்டுகொண்டது. 1872 பிப்ரவரி 4 அன்று அதே பம்பாயில் துருவ ஒளியே தெரிந்ததாகப் பதிவு உண்டு. அவ்வளவு அபூர்வம்.

கடைக்கு வரும் முன் எழுதிக்கொண்டு வர வேண்டியது

தேதி. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நிமிடத்தோடு. குதித்த செயற்கைக்கோள்களின் எண், அவை இருந்த திசை. பக்கத்துப் படகிலோ பக்கத்து வீட்டிலோ அதே நேரத்தில் இருந்ததா. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா. மழை பெய்ததா. முடிந்தால் திரையை ஃபோனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். படம் போதாது, பட்டை ஏறி இறங்கும் வேகத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பெரியவர் இப்போது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதி வருகிறார். போன அக்டோபரில் அவர் கொண்டுவந்த தாளில் ஒன்பது நாள் இருந்தது. எட்டு நாளில் "மேற்கு, அப்பறம் கிழக்கு" என்று எழுதியிருந்தார். ஒன்பதாவது நாளில் "எல்லாம் ஒண்ணா வுழுந்துச்சு" என்று இருந்தது. அன்றைக்கு மட்டும் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் ஹோல்டரில் துரு.